கவிதை வாசிப்பு வட்டத்தில் எதைப் பேசுவது, எப்படிப் பேசுவது

களுவாஞ்சிக்குடியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு முறை கவிதை வாசிப்பு வட்டம் ஒன்றை நடத்தத் தொடங்கியிருப்பதாகவும், வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தம் கவிதையை வாசித்ததும் மற்றவர்கள் "அருமை" என்று சொல்லிக் கைதட்டுவதோடு கூட்டம் முடிந்துவிடுவதாகவும், மூன்றாம் மாதத்திலேயே பாதிப் பேர் வராமல் போய்விட்டதாகவும் எழுதி, இதை எப்படிச் சீர்செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கிழக்கிலங்கையில் மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் இப்படியான வட்டங்கள் பலவற்றில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வராமல் போனவர்களுக்குக் கவிதையில் ஆர்வம் குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், நீங்கள் நடத்தியது பார்வையாளர் இல்லாத ஒரு கவியரங்கு. கோவில் திருவிழா, மீலாத் விழா, பொங்கல் விழா என எல்லா மேடைகளிலும் கவியரங்கு கேட்டு வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. தலைமைக் கவிஞர் ஒவ்வொருவரையும் கவிதையிலேயே அழைப்பார். அழைக்கப்பட்டவர் அவைக்கு வணக்கம் சொல்லித் தொடங்குவார். நல்ல வரி வந்தால் சபை கைதட்டும், அவர் அதே வரியை மீண்டும் சொல்வார். அது ஒரு நிகழ்த்துகலை, அதற்குரிய திறமையும் மரபும் அதற்கு உண்டு. ஆனால் கவியரங்குக்கு நூறு பேர் வேண்டும். பத்துப் பேர் வட்டமாக அமர்ந்திருக்கும் இடத்தில் அதையே செய்தால், வாசிப்பவர் தம் முறை வரும்வரை காத்திருப்பார்; தம் முறை முடிந்ததும் மணிக்கூட்டைப் பார்ப்பார். பிறர் கவிதையைக் கேட்பதற்கு அவருக்கு ஒரு காரணமும் இராது.

வாசிப்பு வட்டம் தரவேண்டியது அந்தக் காரணத்தைத்தான். அதற்கு நான் கண்டறிந்த வழி ஒன்றே: கவிதையை அதை எழுதியவரிடமிருந்து பிரித்து நடுவில் வைத்துவிட்டு, எல்லோரும், எழுதியவர் உட்பட, அதன் வாசகர்களாக அமர்வது. இனி நான் சொல்லப்போகும் நடைமுறைகள் எல்லாம் இதற்காகவே.

இதற்கான கருவி நம் மரபிலேயே இருக்கிறது. சங்க அகப்பாடல் ஒவ்வொன்றுக்கும் இது யார் கூற்று, யாரை நோக்கிய கூற்று என்ற குறிப்பு உண்டு. ஆண் புலவர்கள் தலைவியாகவும் தோழியாகவும் செவிலியாகவும் நின்று பாடினார்கள். அவற்றை எவரும் புலவரின் சொந்தக் கதையாகப் படிப்பதில்லை. இன்றைய கவிதைக்கும் இதே இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள். இதில் பேசுபவர் யார்? யாரிடம் பேசுகிறார்? "இக்கவிதையின் கருத்து என்ன?" என்று தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் பேச்சு வற்றிவிடும், அல்லது சமூகச் சீர்கேடு பற்றிய உரையாக மாறிவிடும். யார் கூற்று என்று தொடங்கினால் கவிதைக்குள்ளேயே நிற்க வேண்டியிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டாகக் குறுந்தொகையின் 290 ஆம் பாடலைச் சொல்கிறேன். முதற் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் அறியேன்.

காமம் தாங்குமதி என்போர் தாம்அஃது
அறியலர் கொல்லோ அனைமது கையர்கொல்
யாம்எம் காதலர்க் காணேம் ஆயின்
செறிதுனி பெருகிய நெஞ்சமொடு பெருநீர்க்
கல்பொரு சிறுநுரை போல
மெல்ல மெல்ல இல்லா குதுமே.

காமத்தைப் பொறுத்துக்கொள் என்பவர்கள் அதை அறியாதவர்களா, அல்லது அவ்வளவு வலிமை உடையவர்களா? நாம் நம் காதலரைக் காணாவிட்டால், துயர் பெருகிய நெஞ்சோடு, பெருநீரில் கல்லை மோதும் சிறு நுரைபோல மெல்ல மெல்ல இல்லாமற் போவோம். இவ்வளவுதான் பொருள், இதை ஒருவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். இனித்தான் வேலை. ஆற்றியிரு என்று வற்புறுத்தும் தோழிக்குத் தலைவி சொல்வதாக இப்பாட்டு அமைந்திருக்கிறது. எதிரே இருப்பவள் தோழி. ஆனால் தலைவி "நீ அறியாய்" என்று சொல்லவில்லை. "என்போர்" என்று யாரோ மூன்றாம் மனிதரைப் பேசுவதுபோல் பேசுகிறாள். உயிர்த்தோழியை ஒரே சொல்லில் ஊராரோடு சேர்த்துத் தள்ளி நிறுத்திவிடுகிறாள். இதை ஒரு வட்டத்தில் பேசியபோது, வீட்டில் கோபம் வந்தால் தம் உம்மாவும் இப்படித்தான், எதிரில் இருப்பவரைப் பார்த்தே "சில பேர் இருக்கிறாங்க" என்று தொடங்குவார் என ஒரு பெண் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை விளக்க வேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை.

அடுத்தது நுரை. கல்லில் மோதும் நுரை நொடிப்பொழுதில் உடைந்துபோகும். அப்படியானால் ஏன் "மெல்ல மெல்ல"? கல்லடிக் கடற்கரையில் நாம் காண்பது மணலில் படர்ந்து ஊறிப்போகும் நுரை. அதற்கு மெல்ல மெல்ல என்பது பொருந்தும். கல்லில் மோதுவதற்கு எப்படிப் பொருந்தும்? ஒவ்வொரு மோதலிலும் சிறிது சிறிதாக அழிகிறது என்று ஒருவர் சொல்லலாம். உடல் மெல்லத் தேய்வதும் நெஞ்சு ஒவ்வொரு முறையும் உடைவதும் ஒரே உவமையில் வைக்கப்பட்டிருக்கின்றன என்று இன்னொருவர் சொல்லலாம். பெருநீர் என்பது கடலா ஆற்று வெள்ளமா என்று மூன்றாமவர் கேட்கலாம். இவற்றில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லி முடிக்க வேண்டியதில்லை. மூவரும் பாட்டுக்குள் இருக்கிறார்கள் என்பதே போதும். இப்பாட்டைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எழுதியவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் உள்ள தொடரைக் கொண்டே அவரைக் கல்பொரு சிறுநுரையார் என்று அழைக்கிறோம். அவர் யார், எந்த ஊர், எந்தக் கட்சி என்று பேசிப் பொழுது போக்க வழியே இல்லை.

இப்படி அச்சில் உள்ள ஒரு கவிதையை ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு உறுப்பினர் கவிதைகளை எடுக்காமலே இருப்பது இன்னும் நல்லது. வட்டத்தில் யாரும் எழுதாத ஒரு கவிதையைப் பற்றிப் பேசும்போது எவர் மனமும் புண்படாது, எவரையும் மகிழ்விக்க வேண்டியதும் இல்லை. அப்படிப் பேசிப் பழகிய வாயைத்தான் பிறகு நண்பரின் கவிதையைப் பற்றிப் பேசப் பயன்படுத்த முடியும்.

உறுப்பினர் கவிதைக்கு வரும்போது நான் வற்புறுத்துவது நான்கு காரியங்கள். எழுதியவர் முன்னுரை சொல்லக் கூடாது. அவர் கவிதையை வேறொருவர் உரத்து வாசிக்க வேண்டும். சற்று இடைவெளி விட்டு இன்னொருவர் மீண்டும் வாசிக்க வேண்டும். பேச்சு முடியும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. கடைசியில் அவருக்கு ஐந்து நிமிடம் கொடுக்கலாம். தன் கவிதையைப் பிறர் வாசிக்கக் கேட்பது முதல் தடவை ஒரு தண்டனையாகத் தோன்றும். ஆனால் எங்கே வாசிப்பவருக்கு நாக்குத் தடுக்குகிறது, எங்கே தவறான இடத்தில் மூச்சு நிற்கிறது, எந்த வரியில் குரல் தானாகவே தாழ்கிறது என்பவற்றை அவர் அங்கேதான் அறிகிறார். ஓசையில் உள்ள குறையை நாம் சொல்லி விளங்கவைக்க வேண்டியதில்லை.

நான் இருந்த ஒரு வட்டத்துக்கு, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், யானைக் காவலுக்குப் போன தன் தகப்பனைப் பற்றி எழுதியிருந்தார். அதில் இப்படி மூன்று வரிகள் (வட்டை என்பது எங்கள் பக்கத்தில் வயல்வெளி):

வட்டைக்குள் இருட்டு.
அப்பாவின் இருமல் மட்டும்
வரம்பில் நடக்கிறது.

இதற்குப் பிறகு, "இதுதான் உழவனின் வாழ்வு, உலகே, நீ இதை உணர்வாயா?" என்ற பொருளில் இரண்டு வரிகள் வந்தன. முதலில் வாசித்தவர் இருமலோடு சற்று நிறுத்தினார். அறையில் எல்லோரும் கவிதை முடிந்துவிட்டது என்றே எண்ணினோம். அதற்குப் பின் வந்த இரண்டு வரிகளைக் கேட்டபோது, கண்ணெதிரே நின்ற ஒரு தகப்பனை அகற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு சுவரொட்டியை ஒட்டியதுபோல் இருந்தது. பேச்செல்லாம் அந்த இரண்டு வரிகளைச் சுற்றியே நடந்தது. தன் முறை வந்ததும் அவர் சொன்ன பதில் நேர்மையானது: பாடசாலைக் கவியரங்கில் கைதட்டல் கிடைத்தது அந்த இரண்டு வரிகளுக்குத்தானே! அவர் சொன்னது உண்மை. மேடைக்கு அந்த வரிகள் தேவைப்பட்டிருக்கலாம், தாளுக்குத் தேவைப்படவில்லை. அவற்றை வெட்டினாரா என்று நாங்கள் பிறகு கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. வட்டம் சொல்வதை எழுதியவர் ஏற்றே ஆக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் வட்டம் ஒரு பரீட்சைத் திணைக்களமாகிவிடும்.

பரீட்சை என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ் இலக்கிய நயத்தைப் பாடசாலையில் பாடமாகப் படித்துத் தேறியவர்கள் நம் வட்டங்களில் அதிகம். அவர்களில் பலர், சொல்லப்போனால் ஆசிரியர்கள் கூட, கவிதையைக் கண்டதும் எதுகை இது, மோனை இது, உருவகம் இது, ஆகவே கவிஞர் சிறப்பாகக் கையாண்டுள்ளார் என்று விடைத்தாள் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். நயத்தல் பயனற்ற பயிற்சி என்று நான் சொல்லவில்லை. ஆனால் கவிதை சிறந்தது என்ற முடிவை முதலிலேயே ஏற்றுக்கொண்டு அதற்குச் சான்று தேடும் பயிற்சி அது. வட்டத்தில் அந்த முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. "உருவகம் நன்றாக உள்ளது" என்று யாராவது சொன்னால், எந்த வரியில், அதை எடுத்துவிட்டால் என்ன குறையும் என்று இணைப்பாளர் கேட்க வேண்டும். "நன்றாக இல்லை" என்பவரிடமும் இதே கேள்விதான். வரியைச் சுட்டாத எந்தக் கருத்தையும் ஏற்பதில்லை என்பதை மட்டும் இறுக்கமாகப் பின்பற்றினால், வெற்றுப் புகழும் வெற்றுக் குறையும் தாமே அடங்கிவிடும்.

அடுத்தது, ஆசிரியரை நாம் அழைக்கும் "சேர்" என்ற சொல்லோடு வரும் பிரச்சினை. உங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவரிடம் படித்த இளைஞர் மூவரும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சேரின் கவிதையில் ஒரு வரி தட்டுகிறது என்று அந்த மூவரில் ஒருவர் சொல்வார் என எதிர்பார்க்க முடியாது. நம் ஊர் வழக்கத்தில் அது மரியாதைக் குறைவு. இதை அறிவுரையால் மாற்ற முடியாது, ஏற்பாட்டால் மாற்றலாம். கவிதைகளைப் பெயரின்றி ஒரே எழுத்துருவில் தட்டச்சுச் செய்து, போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுங்கள். வயதில் இளையவர் முதலில் பேசட்டும், மூத்தவர் கடைசியில் பேசட்டும். சேர் முதலில் பேசிவிட்டால் அதற்குப் பிறகு பேசுபவர்கள் அனைவரும் "சேர் சொன்னது போல" என்றுதான் தொடங்குவார்கள். சிறிய வட்டத்தில் யாருடைய கவிதை என்பது நடையிலிருந்தே தெரிந்துவிடும் என்பீர்கள். தெரியட்டும், தாளில் பெயர் இல்லாத வரைக்கும் தெரியாததுபோல் பேச முடியும், மரியாதையும் காக்கப்படும். பல சேர்மார் இந்த ஏற்பாட்டை விரும்பியே ஏற்றதை நான் கண்டிருக்கிறேன்.

இனிக் கடினமான பகுதிக்கு வருகிறேன். நம் மாவட்டங்களில் கவிதை எழுதுபவர்கள் யுத்தத்தையும் காணாமல் ஆக்கப்பட்டவர்களையும் 2004 ஆம் ஆண்டின் கடல்கோளையும் எழுதாமல் இருக்க முடியாது. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து அமரும் வட்டம் என்றால் இன்னும் ஒரு சுமை உண்டு. 1990 என்ற ஆண்டைச் சொன்னாலே முஸ்லிம்கள் கொல்லப்பட்ட காத்தான்குடியில் ஒரு நினைவும் தமிழர்கள் கொல்லப்பட்ட சத்துருக்கொண்டானில் வேறொரு நினைவும் எழும். அப்படியான கவிதை ஒன்று வாசிக்கப்படும்போது "நடந்தது அப்படியல்ல" என்று ஒருவர் தொடங்கினால், அன்றைய கூட்டம் மட்டுமல்ல, வட்டமே அத்தோடு கலைந்துவிடக் கூடும். இங்கேயும் கூற்று என்ற கருவிதான் கைகொடுக்கும். இந்தக் கவிதையில் பேசுபவர் யார், எந்த வயதினர், அந்த இடத்தில் நின்று அவருக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டால், எல்லோருக்குமான வரலாற்றுத் தீர்ப்பைச் சொல்லும் பொறுப்பு அந்தக் கவிதையின் தோளிலிருந்து இறங்கிவிடுகிறது. ஒரு பிள்ளையின் கண் கண்டது அது. மற்றவர் கண் கண்டதற்கு இன்னொரு கவிதை எழுதப்படலாம். வரலாறு பேசப்படவே கூடாது என்பதல்ல நான் சொல்வது. அதற்கு வேறு கூட்டம் வேண்டும், வேறு ஆயத்தம் வேண்டும்.

சில கவிதைகளைப் பற்றிப் பேசாமலே விடுவதும் வேண்டும். மகனை இழந்த தாய் ஒருவர் எழுதி வந்ததை எடுத்து, மூன்றாவது வரியில் அசை நீண்டுவிட்டது என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. சொல்லாமல் பொய்யாகப் புகழ்வதும் அவரை அவமதிப்பதே. ஆகவே கவிதையைக் கொடுக்கும்போதே மூலையில் "வாசிக்க மட்டும்" என்றோ "பேசவும்" என்றோ எழுதித் தரச் சொல்லுங்கள். வாசிக்க மட்டும் தந்த கவிதையை இரண்டு முறை வாசித்துக் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். அவரே சில மாதங்கள் கழித்து அதைப் "பேசவும்" என்று மாற்றிக் கொண்டுவருவதும் உண்டு.

பெண்கள் எழுதும் காதல் கவிதையை ஊர் எப்படிப் படிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. "யாரடி அவன்?" என்ற கேள்வி நகைச்சுவையாகக் கேட்கப்பட்டாலும் அந்தப் பெண் அடுத்த மாதம் வரமாட்டார். கவிதையில் வரும் நானை எழுதியவரோடு இணைத்துப் பேசுவது வட்டத்தில் தடை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கிழக்கிலங்கை நாட்டார் கவிகளைக் கூடவே வாசித்தால் இதை எளிதாக விளங்கவைக்கலாம். மச்சானும் மச்சியும் மாறிமாறிப் பேசும் அந்தக் கவிகளில் பெண்ணின் ஆசையும் ஏச்சும் எவ்வளவு துணிவாக வருகின்றன என்பதைக் கேட்டால், இன்றைய நம் கூச்சம் பழையதொன்றல்ல என்பது புரியும். சாய்ந்தமருதைச் சேர்ந்த கவிஞர் அனார் இக்கவிகளைத் தொகுத்துப் "பொடுபொடுத்த மழைத்தூத்தல்" என்ற நூலாக்கியிருக்கிறார்.

அச்சுக் கவிதைகளை எங்கே தேடுவது என்ற உங்கள் கேள்விக்கு: தொலைவு போக வேண்டியதில்லை. நூலகம் என்ற இணைய எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. எம்.ஏ. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்து 1984 இல் வெளியான "பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்" ஓர் ஆண்டுக்குப் போதும். அதில் பெரியநீலாவணையின் நீலாவணனும் பாண்டிருப்பின் சண்முகம் சிவலிங்கமும் கல்முனைக்குடியின் நுஃமானும் இருக்கிறார்கள். இம்மூவர் ஊர்களும் உங்கள் ஊரிலிருந்து ஒரே கடற்கரை வீதியில் அடுத்தடுத்து வருபவை. 1969 இல் நுஃமான் "கவிஞன்" என்ற கவிதைச் சஞ்சிகையை நடத்தியதும், வாசகர் சங்கம் என்ற பெயரில் கவிதை நூல்கள் வெளியிடப்பட்டதும் கல்முனையிலேதான். நீலாவணனையும், அதே தொகுப்பில் உள்ள மஹாகவி உருத்திரமூர்த்தியையும் வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இருவரும் யாப்பில் எழுதியவர்கள், ஆனால் யாப்பைப் பேச்சோசைக்கு இணங்க வைத்தவர்கள். கண்ணால் மட்டும் படிப்பவருக்கு அது பழைய செய்யுளாகத் தெரியும். அவசரப்படாமல், ஒருவரோடு பேசுவதுபோல் உரத்து வாசித்தால்தான் உள்ளிருக்கும் குரல் கேட்கும். இதற்கு நம்மவர் செவி ஏற்கெனவே பழகியிருக்கிறது. கண்ணகை அம்மன் கோவில்களின் வைகாசிச் சடங்கில் கண்ணகியின் கதையான கண்ணகி வழக்குரை பாடப்படுவதையும், முஸ்லிம் வீடுகளில் முனாஜாத்து என்ற இறைவேண்டற் பாடல் ஓதப்படுவதையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அசை சீர் பற்றி வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

நாள், இடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பௌர்ணமி நாளான போயா தினம் பொது விடுமுறை என்பதால் எல்லோருக்கும் வசதி. கொழும்பில் வலம்புரி கவிதா வட்டத்தினரும் தம் கவியரங்குக்குப் போயா தினத்தையே தேர்ந்தார்கள். வைகாசிப் பௌர்ணமியை ஒட்டிக் கண்ணகை அம்மன் கோவில்களில் சடங்கு நடப்பதால் அந்த மாதம் மட்டும் வேறு நாள் பாருங்கள். முஸ்லிம் நண்பர்கள் வருவதானால் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கி அந்திநேர மஃரிபுத் தொழுகைக்கு முன் முடியுங்கள். நோன்பு மாதத்தில் விட்டுவிடலாம். மாரியில் வீதி வெள்ளத்தில் மூழ்கும் மாதங்களுக்கு முன்கூட்டியே திட்டம் போடாதீர்கள். கோவில் மண்டபமும் பள்ளிவாசல் மண்டபமும் வேண்டாம், வாசிகசாலை நல்லது. இரண்டு மணி நேரத்துக்கு ஓர் அச்சுக் கவிதையும் உறுப்பினர் கவிதை மூன்றுமே அளவு. பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டு வட்டமாகப் பிரித்துவிடுங்கள். இணைப்பாளர் மாதத்துக்கு மாதம் மாறட்டும்.

வட்ஸ்அப் குழு வைத்துக்கொள்வதில் தவறில்லை, ஆனால் நாள், இடம், அச்சுக் கவிதையின் படம் ஆகியவற்றுக்கு மட்டும். உறுப்பினர் கவிதையை அதில் பகிர அனுமதித்தால் கைகூப்பும் படங்களும் பூங்கொத்துப் படங்களும் வந்து குவியும். கூட்டத்துக்கு வரும்போது அந்தக் கவிதையைப் பற்றிப் பேச ஒன்றும் மிஞ்சியிருக்காது. "பேசவும்" என்று தந்த கவிதையாயினும் எழுதியவரின் அனுமதியின்றி அறைக்கு வெளியே போகக் கூடாது. ஆண்டு முடிவில் தொகுப்புப் போடலாம் என்று நிச்சயம் யாராவது சொல்வார்கள். போடலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம். தொகுப்பு என்ற பேச்சு எழுந்த நாளிலிருந்து எவருடைய கவிதை முதற்பக்கம், யார் அணிந்துரை, வெளியீட்டு விழாவுக்கு யார் பிரதம அதிதி என்பவையே பேச்சாகிவிடும்.

வராமல் போனவர்களிடம் வட்டம் மாறிவிட்டது என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். குறுந்தொகைப் பாட்டைக் கையால் எழுதி, பொருளையும் கீழே எழுதி, "கல்லில் மோதும் நுரை எப்படி மெல்ல மெல்ல அழியும்? வரும் போயா நாலு மணிக்கு வாசிகசாலையில் பேசுவோம்" என்று மட்டும் சேர்த்து அனுப்புங்கள்.